இன்சுலினைப் பிளேன்டீயில் விட்டுக் குடித்தவன்

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கை, கால், மூக்கு வைத்துச் சொல்வார்கள். ஊசியால் உடம்புக்குள் ஏற்ற வேண்டிய இன்சுலினை நான் மூன்று மாதம் குடித்தேன். ஒரு நாள்கூடத் தவறாமல் காலையிலும் மாலையிலும் பால் சேராத பிளேன்டீயில் விட்டு, கரண்டியால் கலக்கி, ஊதி ஊதிக் குடித்தேன். ருசி எப்படி என்று கேட்பவர்களுக்காக: ஆஸ்பத்திரித் தரை கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்துவிட்ட தேநீர் போல இருக்கும். சீனி போடாததால்தான் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் நான் நாக்கும் மூக்கும் செத்த ஆள் இல்லை. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக டிரையர் பார்க்கிறவன். அரைத்துச் சிவக்கவைத்த கொழுந்தை ஓடவிட்டுக் காயவைக்கும் பெரிய சூட்டடுப்புதான் டிரையர். சூடு கொஞ்சம் கூடினால் தேயிலை கருகும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நூலளவு வித்தியாசத்தை மணத்திலேயே சொல்லிவிடுவான் அருளப்பன் என்று எனக்குப் பெயர். அப்படிப்பட்ட மூக்கு, தனக்கு ஓர் அங்குலம் கீழே நடந்த கூத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

சீனி வருத்தம் எனக்கு ஏழெட்டு வருடமாக இருக்கிறது. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம், இனி மாத்திரை மட்டும் போதாது, ஊசியும் வேண்டும் என்று கிளினிக்கில் எழுதிவிட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் மிஸ் சின்னப் போத்தலையும் ஊசியையும் காட்டி, எவ்வளவு இழுப்பது, எங்கே குத்துவது என்றெல்லாம் விளக்கினார். நான் ஞானஸ்நானத்துக்கு நிற்கும் ஞானத்தகப்பன் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கண்ணை மட்டும் அவருக்குப் பின்னாலிருந்த கலண்டரில் வைத்திருந்தேன். ஊசியைக் கண்டால் எனக்குப் பயம். தொழிற்சாலையில் கொதிக்கிற தகட்டைக் கையால் தள்ளுகிறவன், இதைப் போய் யாரிடம் சொல்வது?

என் மனைவி ரெஜினாவிடம் சொல்லியிருக்கலாம். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. தடுப்பூசி நாளில் கதறுகிற பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடிப்பது அவள்தான். அப்படிப்பட்டவளிடம் எனக்கும் பயம் என்று சொல்ல மானம் விடவில்லை. "ஒங்களுக்கு நான் போட்டுவுடவா?" என்று அவளே கேட்டாள். "இதெல்லாம் ஆம்பளைங்க வேல, நீ தள்ளு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் பின்னால் போனேன். முதல் நாள் ஊசியை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு மந்திரம் முழுக்கச் சொல்லி முடித்தேன். கை நகரவில்லை. பக்கத்துத் திட்டில் பிளேன்டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. என் மூளை அப்போதுதான் வேலை செய்தது. காய்ச்சல் மாத்திரை வாயால் போய்த்தான் காய்ச்சலை இறக்குகிறது. சாராயம் வாயால் போய்த்தான் தலைக்கு ஏறுகிறது. உடம்புக்கு முன்வாசல் இருக்கும்போது எதற்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும்? ஊசியிலிருந்த மருந்தைக் கோப்பைக்குள் பீச்சிவிட்டேன்.

அதே காலத்தில் ரெஜினாவின் தம்பி கட்டாரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினான். மூன்று போத்தல்கள். ஒன்றில் பச்சைத் தேயிலைச் சாற்றை இறுக்கி அடைத்த கப்சியூல். நாங்கள் இங்கிருந்து கப்பலேற்றிய இலை கட்டாரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டை போட்டுத் திரும்பியிருக்கிறது என்று தொழிற்சாலையில் காட்டிச் சிரித்தேன். இரண்டாவது, எண்ணெய் மினுமினுக்கும் வைட்டமின் ஈ. மூன்றாவது குளூட்டதயோன். அந்தப் பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மூன்றும் அன்டிஒக்ஸிடன்ட் என்று மச்சான் போனில் சொன்னான். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, அரைத்த கொழுந்து காற்றுப் பட்டுச் சிவக்கிற மாதிரி, உடம்புக்குள்ளும் ஒரு சேதம் நடக்குமாம். அதைத் தடுக்கிறவைக்கு அந்தப் பெயர். கொழுந்து சிவப்பதைச் சூடு காட்டி நிறுத்துவதுதானே என் வேலை? பதினெட்டு வருடமாக நானே ஒரு அன்டிஒக்ஸிடன்ட் என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றில் மூன்றையும் வாயில் போட்டு, இன்சுலின் டீயால் உள்ளே தள்ளுவேன். இத்தனை மருந்து போகிற உடம்புக்கு என்ன குறை வரப்போகிறது?

குறை வந்தது. அடுத்த கிளினிக்கில் சுகர் கூடியிருந்தது. மருந்தளவைக் கூட்டினார்கள். அதற்கடுத்த கிளினிக்கில் இன்னும் கூடியிருந்தது. இன்னும் கூட்டினார்கள். காலை பத்து யுனிட்டில் தொடங்கியது நாற்பதுக்கு வந்தது, மாலைக்கு இருபத்துநாலு. எல்லாம் கிளினிக் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறியது.

"ஊசி ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கிளினிக் டாக்டர் கேட்டார்.

"ஒரு நாளும் விட்டதில்லங்க" என்றேன். விட்டதில்லைதானே.

ரெஜினாவும் சாட்சி சொன்னாள். "போத்தல் காலியாகுறத நானே பாக்குறேன் டாக்டர். இவரு யாரையும் பக்கத்துல விடமாட்டாரு. அவரே போட்டுக்குவாரு."

"அப்பன்னா சாப்பாடுதான் சரியில்ல. வீட்டுல சமைக்கிறது நீங்கதானே? என்னத்த ஆக்கிக் குடுக்குறீங்க?"

அந்த அறையில் திட்டு முழுவதும் அவள் தலையில் விழுந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்கு வந்ததும் சீனி டின்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். இராத்திரிக்குக் கேழ்வரகுக் குரக்கன் ரொட்டி. அவளுக்கும் அதே ரொட்டி.

"நீ ஏன் புள்ள சோறு திங்காம இருக்க? ஒனக்கா சுகர்?"

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க, நான் மட்டும் சோத்தப் பெசஞ்சு திங்கிறதா? எனக்குத் தொண்டையில எறங்காது" என்றாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ரொட்டியைப் பிட்டுத் தின்பதற்குத்தான் திறந்தேன்.

பிறகு கால். சுகர் நெடுநாள் கூடியிருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். அதை நான் இப்போது எழுத்தில் சொல்கிறேன், அப்போது காலால் படித்தேன். சப்பாத்துக்குள் ஒரு தகரத்துண்டு விழுந்து கிடந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதோடு நடந்திருக்கிறேன். சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் ஈரம். வலது சுண்டுவிரல் கிழிந்திருந்தது. மஞ்சள் தடவிக் கட்டினேன். ஐந்தாம் நாள் விரல் கறுத்தது. ஒரு வாடை வந்தது. என் பேர்போன மூக்கு அன்றைக்குத்தான் எழும்பி வேலைக்கு வந்தது. ரெஜினா முகம் வெளுத்து, "எந்திரிங்க, இப்பவே ஆஸ்பத்திரி" என்றாள். வேறு பேச்சில்லை. பக்கத்து லயத்து வீட்டு ஓட்டோ எங்களை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது.

வெளிநோயாளர் வாங்குப் பலகையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம். குளிருக்குத் தன் சால்வையை எடுத்து என் காலில் சுற்றினாள். அவள் தோளில் பனி படர்ந்த மாதிரி மயிர்க்கூச்செறிந்திருந்தது. பிறகு வார்ட்டில் கட்டில், ரத்தம் எடுப்பு, கால் எலும்புக்குப் படம். ரத்தச் சோதனைகளில் ஒன்று மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுவது. தோட்டத்தில் யார் எத்தனை நாள் வேலைப் பெரட்டுக்கு வந்தார் என்று எழுதுகிற செக்ரோல் மாதிரி அது. சோதனைக்கு முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. மூன்று மாத வரவும் உள்ளே பதிந்திருக்கும். என் செக்ரோலைப் பார்த்த டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

அந்த டாக்டரைச் சொல்ல வேண்டும். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பிள்ளை. எங்கள் பேச்சிலேயே எங்களைத் திட்டத் தெரிந்தவர். அதனால் தப்பிக்க வழியில்லை.

"கிருமி எலும்புக்குள்ள போகத் தொடங்கியிருக்கு ஐயா. சர்ஜன் பாப்பாரு. வெரலோட நிக்குமா, பாதம் வரைக்கும் போகுமாங்கிறது, சுகர எவ்வளவு வெரசா எறக்குறோங்கிறதுலதான் இருக்கு" என்றார்.

பாதம் என்ற சொல் கேட்டதும் ரெஜினா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் காலோடு டிரையருக்குப் பக்கத்தில் யாரும் விட மாட்டார்கள். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் சிவனு. நல்லதண்ணி என்ற மலையடிவார ஊரில் யாத்திரைக் காலத்தில் கம்பளித் தொப்பி விற்கிறவன். நாற்பது வயது. ரத்தம் இல்லாமல் பப்பாளிப் பூ மாதிரி வெளுத்துக் கிடந்தான். டாக்டர் அன்று அவனைத்தான் முதலில் பிடித்தார்.

"ஒரு வருஷமா இரும்பு மாத்திர குடுத்திருக்கு. ஒரு சொட்டும் ஏறல. எதோட முழுங்குறீங்க?"

"பிளேன்டீயோடதாங்க. வெறுந்தண்ணில எறங்காது."

"தேத்தண்ணில இருக்குற சாயம் இரும்பப் புடிச்சு வச்சுக்கும். கொடல் அத உள்ள எடுக்காது. ஒரு வருஷமா மாத்திரைய முழுங்கிக் கக்கூசுக்கு ரத்தம் ஏத்தியிருக்கீங்க! இனி தேசிக்காப் புளித் தண்ணியோட போடுங்க. டீ வேணும்னா ரெண்டு மணித்தியாலம் கழிச்சு."

வார்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தது நான்.

"என்னா சிவனு, மருந்தப் போயி டீயோடயா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

சொல்லி முடித்த பிறகுதான் என் சிரிப்பு பாதியில் நின்றது. கட்டில் பெட்டிக்குள் என் கிளினிக் கொப்பி கிடந்தது. அதில் நாற்பது, இருபத்துநாலு என்று எழுதியிருந்தது. இதுவரை அதில் ஒரு யுனிட்கூட என் ரத்தத்தைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் வார்ட் மிஸ் தட்டோடு வந்தார். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண், தமிழைத் துண்டு துண்டாக உடைத்துப் பேசுவார். கொப்பியைப் பார்த்து இருபத்துநாலு இழுத்தார். சொல்லடா என்றது மனசு. ரெஜினா காலடியில் நின்று என் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. கண்ணை இறுக்க மூடிக் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப மிஸ் குத்துவீங்க?" என்றேன்.

"குத்தினது. முடிஞ்சது" என்று அடுத்த கட்டிலிலிருந்து குரல் வந்தது.

தலைமயிர் தடிமன்தான் அந்த ஊசி. நுளம்பு இதைவிட மரியாதை இல்லாமல் கடிக்கும். இதற்குப் பயந்தா மூன்று மாதம் தரை கழுவிய டீயைக் குடித்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

விடிய ரத்தம் குத்திப் பார்த்த மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். சுகர் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம். தெய்வமாகப் பார்த்துச் சரியாக்கிவிட்டது, இனி யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். கொப்பியின்படி காலை நாற்பது யுனிட் ஏறியது. பாண் ரொட்டியும் பருப்பும் வந்தன. சர்ஜன் வருகிறார் என்ற பயத்தில் சாப்பாட்டில் மனம் போகவில்லை. பாணைச் சிவனுவிடம் தள்ளிவிட்டேன். அவன் ரத்தம் ஊற வேண்டியவனாயிற்றே.

பத்து மணிபோல நெற்றி வியர்த்தது. நுவரெலியாக் குளிரில் எனக்கு வியர்க்கிறது! கை நடுங்கியது. சிவனு இரண்டு பேராகத் தெரிந்தான். அதற்குப் பிறகு நடந்தது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேலைன் கம்பியைப் பார்த்து நான் எழுந்து நின்று சலாம் போட்டேனாம். "சேர், டிரையர்ல சூடு ஏறிப்போச்சு, கொழுந்த நிப்பாட்டச் சொல்லுங்க" என்றேனாம். அப்படியே சாய்ந்துவிட்டேனாம். சிவனு போட்ட சத்தத்தில் மிஸ் ஓடி வந்தார். ரத்தம் குத்திப் பார்த்தால் சுகர் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. வாயில் குளுக்கோஸ் தண்ணீர் வைத்துப் பார்த்தார். விழுங்கும் நிலையில் நான் இல்லை. நரம்பில் ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கண் திறந்துவிட்டது. அதே சீனிதான். வாயால் போயிருந்தால் வயிற்றைத் தாண்டிக் குடலில் இறங்கி ரத்தத்துக்கு வரக் கால் மணித்தியாலமாவது பிடித்திருக்கும். நரம்பால் போனதும் வாசலில் காத்திருக்காமல் நேரே சுவாமி அறைக்குள் போய்விட்டது.

மதியம் பார்வையாளர் நேரம். ரெஜினா சாப்பாட்டுக் கரியரோடு வந்தபோது டாக்டர் என் கட்டிலருகே கொப்பியைப் புரட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு இது விளங்கல" என்றார். "வெளியில இவ்வளவு மருந்துக்கும் சுகர் எறங்கல. இங்க அதே அளவு, ஆள் விழுந்துட்டாரு. மருந்து எங்க வச்சிருந்தீங்கம்மா?"

"பிரிஜ் இல்லங்க டாக்டர். மண்சட்டில தண்ணி ஊத்தி அதுக்குள்ள வச்சேன்."

"சட்டி எங்க இருந்துச்சு?"

"குசினில. அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி." ரெஜினாவின் குரல் இறங்கியது. "சூடு பட்டுக் கெட்டுப்போயிருக்குமா டாக்டர்? நாந்தான் கெடுத்துட்டேனா? இவரு கால் இப்படி ஆனதுக்கு நாந்தானா காரணம்?"

"அதுவும் இருக்கலாம். இல்லன்னா கிட்னி பழுதாகி மருந்து வெளியேறாம தங்குதோ தெரியாது. கண்டிக்கு அனுப்பிப் பாக்கணும். காரணம் தெரியாம அளவு எழுத எனக்குப் பயமா இருக்கு. அளவு சரியாகாம சர்ஜன் கைவைக்கவும் மாட்டாரு. ஆனா கால் காத்துக்கிட்டு இருக்காது."

ரெஜினா கரியரைக் கீழே வைத்தாள். அழவில்லை. வலது கையால் இடது கையைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்தச் சட்டியில் தினமும் தண்ணீர் மாற்றியவள் அவள். போத்தலில் எறும்பு ஏறக்கூடாதென்று சுற்றிவர மஞ்சள் போட்டவள்.

"டாக்டர், சட்டிமேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "கிட்னிமேலயும் இல்ல. நான் ஊசி போட்டுக்கல."

"போத்தல் காலியாச்சுன்னாங்களே. கொட்டுனீங்களா?"

"அரசாங்கச் சொத்தக் கொட்டுவேனா? குடிச்சேன்."

"பிவ்வத? குடிச்சதா?" என்று மிஸ் சிங்களமும் தமிழுமாகக் கத்திவிட்டார். கையிலிருந்த தட்டு கிணுகிணுத்தது.

"பிளேன்டீல விட்டு" என்று தெளிவுபடுத்தினேன்.

டாக்டர் கொப்பியை மூடினார். "சூடாவா?"

"ஆறுன டீய யாரு டாக்டர் குடிப்பா?"

சிவனு சிரித்த சிரிப்பில் அவன் கையில் ஏறிக்கொண்டிருந்த ரத்தக் குழாய் ஆடியது. "சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே அண்ணே!" என்றான். கடனைத் திருப்பிக் கொடுக்க அவன் ஒரு நாள்கூட எடுக்கவில்லை.

ரெஜினா சிரிக்கவில்லை. குனிந்து கரியரைத் திறந்தாள். சாப்பாட்டைத் தட்டில் எடுத்து வைத்தாள். காலிக் கரியர் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினாள். என்னைப் பார்க்காமலே வெளியே போனாள். அவள் செருப்புச் சத்தம் நடைபாதை முடியும்வரை கேட்டது.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் தொங்கிய என் ஜெபமாலையைக் கையில் எடுத்தார்.

"இன்சுலின் ஒரு பெப்டைட் ஐயா. பெப்டைடுன்னா இந்த மாலை மாதிரி. சின்னச் சின்ன மணிய ஒரு வரிசையில கோத்தது. ஏறக்குறைய அம்பது மணி. அந்த வரிசையிலதான் மருந்து இருக்கு. வயித்துக்கு அது மருந்துன்னு தெரியாது. முட்டையும் பருப்பும் வந்தா எப்படி வெட்டுமோ, அப்படியே நூல வெட்டிப்புடும். மணி மட்டும் ஒடம்புல சேரும். உதிர்ந்த மணிய வச்சு ஜெபம் சொல்லுவீங்களா? தப்பித்தவறி வெட்டுப்படாதது ஒண்ணு ரெண்டு மிஞ்சினாலும், அது பெருசு. கொடல் சுவத்துல நொழையாது. அதனாலதான் தோலுக்குக் கீழ, கொழுப்புல வைக்கிறோம். அங்கேருந்து மெதுவா ரத்தத்துக்கு வரும். நீங்க என்னடான்னா, மொதல்ல சூட்டுல அவிச்சு, பொறகு வயித்துல அரைச்சு, ஒரே மருந்த ரெண்டு தடவ கொன்னிருக்கீங்க."

"அப்ப அதையே மாத்திரையா செஞ்சு தந்தா என்னா டாக்டர்?" என்று சிவனு நியாயம் கேட்டான்.

"வேற சில பெப்டைட அப்படிச் செஞ்சிருக்காங்க. வயித்துல வெட்டுப்படாம இருக்க ஒரு காவலாளியையும் சேத்து அனுப்புறாங்க. அப்பவும் உள்ள போறது துளியூண்டுதான். வெறும் வயித்துல, ஒரு மடக்குத் தண்ணில, சொன்னபடி எடுக்கணும். இவருக்கு எழுதியிருக்கிறது அது இல்ல, ஊசி."

வேறு என்னென்ன விழுங்கினேன் என்று கேட்டு, என் கட்டில் பெட்டியிலிருந்த மச்சானின் மூன்று போத்தலையும் அன்றே வாங்கிப் பார்த்தார். குளூட்டதயோனும் மூன்று மணி கோத்த குட்டி மாலைதானாம். வாயால் போனால் பெரும்பாலும் அதுவும் வழியிலேயே உதிர்ந்துவிடும். உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே கோத்துக்கொள்ளும். வைட்டமின் ஈ எண்ணெயில் கரைவது. சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தான் அதன்மேல் ஏறி உள்ளே போகும். வெறும் வயிற்றில் சாயத்தண்ணீரோடு போட்டால் வந்த வழியே போகும். பச்சைத் தேயிலைக் கப்சியூலைத்தான் அவர் கையைவிட்டு வைக்கவில்லை.

"ஒங்க ஈரல் சோதன கொஞ்சம் கூடக் காட்டுது. இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இத நிப்பாட்டுங்க."

"தேயிலைதானே டாக்டர்? பொறந்ததுலேருந்து குடிக்கிறேன்."

"கோப்பையில குடிக்கிறது வேற. அத்தன கோப்பையோட சாரத்த ஒரு குளிசைக்குள்ள திணிச்சு, வெறும் வயித்துல போடுறது வேற. சில பேரு ஈரல் அதத் தாங்காது. நீங்க டிரையர்க்காரர்தானே? கொழுந்து அதேதான், எந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் போகுதுங்கிறதுல எல்லாம் மாறும்ல?"

அது எனக்கு உறைத்தது. கொழுந்தைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததில் ஒரு துளியையாவது மருந்துக்கும் காட்டியிருக்கலாம்.

கண்டிக்கு அனுப்பவில்லை. மருந்தளவைச் சின்னதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சுகர் ஒரு நிதானத்துக்கு வந்தது. நான்காம் நாள் சர்ஜன் சுண்டுவிரலை எடுத்தார். அத்தோடு நின்றது. இன்னும் ஒரு வாரம் தப்பான கணக்கில் ஓடியிருந்தால் பாதத்தில் பாதி போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். மரத்துப்போன காலோடு படுத்துக்கொண்டு, பத்து விரலில் ஒன்று போனால் வருகைப் பதிவில் பெரிய குறை இல்லை என்று சிவனுவிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ரெஜினா தினமும் வந்தாள். பேச்சு மட்டும் இல்லை. என்னிடம் சொல்ல வேண்டியதைப் பக்கத்துக் கட்டிலிடம் சொல்வாள்.

"சிவனு தம்பி, அந்தாளுகிட்டச் சொல்லுங்க, ரசம் சூடா இருக்காம்."

"அண்ணே, ரசம் சூடா இருக்காம்."

"எனக்குக் காது கேக்குது சிவனு."

"அக்கா, அண்ணனுக்குக் காது கேக்குதாம்."

"காது நல்லாத்தான் இருக்கு. வாய்தான் மூணு மாசமா அடச்சுப் போச்சு" என்பாள், சிவனுவைப் பார்த்து.

ஆனால் குரக்கன் ரொட்டிக்குள் முருங்கையிலை இருந்தது. மிச்சமிருந்த ஒன்பது விரலின் நகத்தையும் ஒரு நாள் உட்கார்ந்து வெட்டினாள். வெந்நீரில் துணி நனைத்து, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தாள். புண்ணிருந்த இடத்துக்குக் கிட்ட வரும்போது கை மெதுவாகும். நான் பேசத் தொடங்கினால் துணியைப் பிழியப் போய்விடுவாள். சிவனுவுக்கும் ஒரு போத்தலில் தேசிக்காத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கன்னத்தில் அந்த வாரமே ஒரு நிறம் வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு விடுவதற்கு முன்பு, நானே ஊசி போட்டுக் காட்ட வேண்டும் என்றார் மிஸ். வயிற்றில் தொப்புளைவிட்டு இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் குத்திய இடத்தில் மறுநாள் குத்தாமல், குத்திய பிறகு தேய்க்காமல். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும், கட்டியில் போட்ட மருந்து சீராக ஏறாது. எல்லாம் ஒப்பித்தேன். ஊசியைப் பிடித்தேன். கை அந்தரத்தில் நின்றது. மிஸ் பார்த்தார், சிவனு பார்த்தான், கட்டில் காலடியிலிருந்து ரெஜினாவும் பார்த்தாள். கடைசியில் மிஸ்ஸே வாங்கிப் போட்டுவிட்டார். அன்று நான் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது ரெஜினா மிஸ்ஸோடு ஜன்னலோரம் நின்று ஒரு ஆரஞ்சுத் தோடம்பழத்தில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்ததைக் கண்டேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. மழை பெய்து விட்டிருந்தது. மேசையில் சின்னப் போத்தலும் ஊசியும் பஞ்சும். பக்கத்தில் பிளேன்டீ. பன்னிரண்டு யுனிட் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் குமிழியைத் தட்டிவிட்டு நின்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. ரெஜினா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள்.

"ரெஜினா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்" என்றேன். "அந்தக் காவலாளியோட வர்ற மாத்திர இன்சுலினுக்கும் ஒரு நாளு வரும்ல? அதுவரைக்கும் ஒரு தவணை கேட்டுப் பாப்போமா?"

அவள் அடுப்பிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். சிரிப்புக்குச் சொன்ன பகிடி எனக்கே புளித்தது.

"அன்னைக்குக் கிளினிக்குல ஒன்னையத் திட்டும்போது நான் பேசாம நின்னேன்" என்றேன். "அங்கேயே சொல்லியிருக்கணும். சட்டி கெட்டுப்போச்சோன்னு நீ கைய பெசஞ்ச பாரு, வெரல் போனதவிட அதுதான் எனக்கு... எனக்கு ஊசின்னா பயம் புள்ள. சின்ன வயசுலேருந்தே பயம். ஒங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் அடுப்பைத் தணித்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என் விரலிலிருந்து ஊசியை வாங்கினாள். ஒன்பது நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சட்டையத் தூக்குங்க."